ஐந்து விழுக்காடு: இருப்புப்பாதையின் கணக்கும் கப்பலின் கணக்கும்

‘உள்கட்டமைப்பு’ என்னும் சொல் தமிழுக்குப் புதியது. பொருளோ மிகப் பழையது. தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனை நோக்கிக் குடபுலவியனார் பாடிய பாடல் புறநானூற்றில் பதினெட்டாவதாக நிற்கிறது. மறுமையில் செல்வம் வேண்டினும், இம்மையில் பிற வேந்தரை வெல்ல வேண்டினும், நிலைத்த புகழ் வேண்டினும், நிலம் குழிந்த இடமெல்லாம் நீர் தங்கும்படி செய் என்பது புலவரின் அறிவுரை. நெடுங்கால முதலீட்டைப் பற்றித் தமிழில் கிடைக்கும் மிகப் பழைய அறிவுரைகளுள் இதுவும் ஒன்று எனலாம். போட்டவனுக்கு என்ன கிடைக்கும், எத்தனை தலைமுறைக்குக் கிடைக்கும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் புலவர் விடை சொல்லிவிடுகிறார்.

முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) இதன் நடைமுறைப் பக்கத்தைக் காட்டுகின்றன. குடவோலை வழியே தேர்ந்தெடுக்கப்பட்ட ஏரி வாரியத்தார் முந்நூற்றறுபது நாள் பொறுப்பிலிருந்து ஏரியைக் கவனித்தார்கள். தூர் வாருவதற்கும் கரை உயர்த்துவதற்கும் ‘ஏரிப்பட்டி’ என்று நிலம் ஒதுக்கப்பட்ட செய்தி பல கல்வெட்டுகளில் உண்டு. இதைப் பொற்காலம் என்று போற்றும் நோக்கம் எனக்கில்லை. வாரியத்தில் அமர நிலமும் சொந்த மனையும் வேதக் கல்வியும் வேண்டியிருந்தன. மண் சுமந்தவர்கள் அந்தக் குடத்தில் ஓலை இட்டவர்கள் அல்லர். ஆயினும் ஒன்றைக் குறிக்கவேண்டும். ஏரியில் பணம் போட்டவனும் அந்த ஏரியின் நீரை எதிர்பார்த்தவனும் ஒரே ஊரில் இருந்தார்கள். கரை உடைந்தால் இருவருக்கும் இழப்பு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த இணைப்பு அறுந்தது. பணம் போட்டவன் லண்டனில் இருந்தான். பயன்பட்டதாகச் சொல்லப்பட்டவன் ஆற்காட்டில் இருந்தான். இருவருக்கும் நடுவே ஓர் ஒப்பந்தம் இருந்தது. அந்த ஒப்பந்தத்தின் கதைதான் இக்கட்டுரை.

ஒப்பந்தம்

இந்தியாவில் இருப்புப்பாதை போடுவதற்கென்று ‘ஈஸ்ட் இந்தியன் ரயில்வே’, ‘கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வே’ ஆகிய கம்பெனிகள் 1845இல் லண்டனில் உருவாயின. இங்கிலாந்தில் அது ரயில்வேப் பங்குப் பித்து தலைக்கேறியிருந்த காலம். ஆனால் வெயிலும் வெள்ளமும் மிகுந்த, முன்பின் அறியாத ஒரு நாட்டில் பணத்தைப் போட லண்டன் முதலாளி தயங்கினான். மான்செஸ்டர் ஆலைகளுக்கோ பருத்தி வேண்டியிருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் படைகளை விரைந்து நகர்த்தும் வழி வேண்டியிருந்தது. நான்காண்டுப் பேரத்திற்குப் பின் 1849 ஆகஸ்டு 17 அன்று ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின.

அவற்றின் சாரம் இது. நிலத்தை அரசு இலவசமாகத் தொண்ணூற்றொன்பது ஆண்டுகளுக்கு அளிக்கும். கம்பெனி திரட்டும் முதலுக்கு ஆண்டுக்கு ஐந்து விழுக்காடு வட்டியை அரசு உத்தரவாதமாகத் தரும். பாதையின் வருமானம் அதற்குக் குறைந்தால் குறைவை இந்திய வருவாயிலிருந்து ஈடுகட்டும். வருமானம் ஐந்துக்கு மேல் போனால் உபரியைக் கம்பெனியும் அரசும் பங்கிட்டுக்கொள்ளும். இருபத்தைந்தாண்டு அல்லது ஐம்பதாண்டு கழித்து அரசு விரும்பினால் பாதையை வாங்கலாம். ஆனால் பங்குகளின் அப்போதைய சந்தை மதிப்பைக் கொடுத்தே வாங்கவேண்டும். கம்பெனிக்கு அலுத்துவிட்டால் ஆறு மாத முன்னறிவிப்புடன் பாதையை அரசிடம் ஒப்படைத்துவிட்டுப் போட்ட முதலைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்.

கடைசி விதியை இன்னொரு முறை படித்துப் பார்க்க வேண்டும். இலாபம் வந்தால் பங்குண்டு. நட்டம் வந்தால் வட்டியுண்டு. வேண்டாமென்றால் முதலும் திரும்பக் கிடைக்கும். அப்போது பிரிட்டிஷ் அரசின் சொந்தக் கடன் பத்திரங்கள் ஏறத்தாழ மூன்று விழுக்காடுதான் ஈட்டின. இந்திய இருப்புப்பாதைப் பங்கு, அரசுப் பத்திரத்தின் பாதுகாப்போடு அதைவிடக் கூடுதலான வட்டியைத் தந்தது. அதை வாங்கியவர்கள் பெருமுதலாளிகள் மட்டுமல்லர். கைம்பெண்கள், பாதிரியார்கள், ஓய்வுபெற்ற படையதிகாரிகள், வழக்குரைஞர்கள் எனப் பிரிட்டிஷ் நடுத்தர வர்க்கமே திரண்டு வந்தது. 1875 அளவில் இவ்வாறு வந்து சேர்ந்த முதல் சுமார் 9 கோடியே 50 இலட்சம் பவுண்டு. பங்குதாரர்களில் இந்தியர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை.

1853 ஏப்ரல் 16 அன்று போரிபந்தரிலிருந்து தாணேவுக்கு இருபத்தொரு குண்டு முழக்கத்தோடு முதல் வண்டி புறப்பட்டது. 1856 ஜூலை 1 அன்று மதராஸ் ரயில்வே, இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னகத்தின் முதல் பயணிவண்டியை ஓட்டியது. 1861இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சைக்கும் மறு ஆண்டு திருச்சிக்கும் ‘கிரேட் சதர்ன்’ கம்பெனி பாதை போட்டது. அதுவே பின்னர் 1874இல் தென்னிந்திய ரயில்வே ஆனது. எல்லாவற்றிற்கும் அடித்தளம் அந்த ஐந்து விழுக்காடுதான்.

கணக்கு

உத்தரவாதம் ஒரு கம்பெனியின் மனத்தை என்ன செய்யும்? சிக்கனத்திற்குப் பரிசு இல்லை. ஊதாரித்தனத்திற்குத் தண்டனையும் இல்லை. எவ்வளவு முதலைச் செலவழித்தாலும் அத்தனைக்கும் வட்டி உறுதி. இந்திய அரசின் நிதி உறுப்பினராக இருந்த மேஸி என்பவரே 1872இல் நாடாளுமன்றக் குழுவின்முன் இதை ஒளிக்காமல் சொன்னார். ஐந்து விழுக்காடு கிடைக்கும்வரை, தான் கொடுத்த பணம் செங்கல்லும் சாந்துமாக மாறினாலும் ஹூக்ளி ஆற்றில் வீசப்பட்டாலும் ஆங்கிலேய முதலாளிக்கு ஒன்றுதான் என்பது அவர் சாட்சியத்தின் கருத்து. இதைச் சொன்னவர் தேசியவாதி அல்லர், ஆட்சியின் கணக்குப்பிள்ளை என்பதே இதன் வலிமை.

இதன் மறுபக்கமாக நாணயச் சிக்கல் வந்து சேர்ந்தது. வட்டி லண்டனில் பவுண்டில் கொடுக்கப்பட வேண்டும். வரி இந்தியாவில் ரூபாயில் வசூலாகிறது. 1870களில் உலகச் சந்தையில் வெள்ளியின் விலை சரியத் தொடங்கியதும் வெள்ளி நாணயமான ரூபாயும் சரிந்தது. நூறு பவுண்டுப் பங்குக்கு ஆண்டு வட்டி ஐந்து பவுண்டு. ரூபாய்க்கு இரண்டு ஷில்லிங் என்ற விலையில் அது ஐம்பது ரூபாய். ஒரு ஷில்லிங் நான்கு பென்ஸ் என்ற விலையில் அதே ஐந்து பவுண்டுக்கு எழுபத்தைந்து ரூபாய் தேவை. 1894-95இல் ரூபாய் இன்னும் கீழே, ஏறத்தாழ ஒரு ஷில்லிங் ஒரு பென்னி வரை இறங்கியது. பங்குதாரருக்கு ஒரு காசும் கூடவில்லை. நிலவரியும் உப்புவரியும் கட்டியவன் சுமைதான் ஏறியது.

ரமேஷ் சந்திர தத் 1904இல் வெளியிட்ட பொருளாதார வரலாற்றில் இந்தக் கணக்கைத் தொகுத்தார். 1900 வரை இருப்புப்பாதைகளுக்குச் செலவானது 22 கோடியே 50 இலட்சம் பவுண்டு. அதனால் இந்திய வரி செலுத்துவோருக்கு நேர்ந்த நிகர இழப்பு 4 கோடிப் பவுண்டு. அதே காலத்தில் நீர்ப்பாசனத்திற்குச் செலவானது இரண்டரைக் கோடிப் பவுண்டுதான் என்பது அவர் கணக்கு. தாதாபாய் நௌரோஜியின் வாதமும் இதை ஒட்டியது. பிற நாடுகள் கடன் வாங்கி இருப்புப்பாதை போட்டால் வட்டி வெளியே போகிறது, சம்பளமும் இலாபமும் நாட்டுக்குள் தங்குகின்றன. இங்கோ வட்டியும் போகிறது, உயர் சம்பளமும் போகிறது, தண்டவாளம் வாங்கிய பணமும் போகிறது என்றார் அவர். ‘சுதேசமித்திரன்’ ஜி. சுப்பிரமணிய ஐயர் 1897இல் வெல்பி ஆணையத்தின்முன் சாட்சியம் அளித்தபோதும், 1903இல் தம் பொருளாதார நூலை வெளியிட்டபோதும் இந்த மரபில்தான் நின்றார்.

மறுதரப்பையும் சொல்லாவிட்டால் வரலாறு ஆகாது. இருப்புப்பாதை வந்த மாவட்டங்களில் வேளாண்மையின் உண்மை வருமானம் சுமார் 16 விழுக்காடு உயர்ந்தது என்று டேவ் டொனால்ட்சன் 2018இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. தானிய விலைகள் ஊருக்கு ஊர் ஏறத்தாழச் சமமாயின. மழை பொய்த்தால் உடனே சாவு என்ற நிலை, பாதை சென்ற இடங்களில் மெல்லத் தளர்ந்தது. ஆக, இருப்புப்பாதை பயனற்றது என்று சொல்ல இடமில்லை. அதற்குக் கொடுத்த விலை நியாயமா, அந்த விலையை யார் கொடுத்தார்கள் என்பதே கேள்வி.

நீரா, இரும்பா?

அக்காலத்திலேயே இக்கேள்வியை விடாமல் எழுப்பியவர் ஆர்தர் காட்டன். 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையும் கீழணையும் எழுப்பியவர். கோதாவரியில் தௌலேஸ்வரம் அணைக்கட்டை 1852இல் முடித்தவர். இந்த மண்ணுக்கு வேண்டியது நீர்வழி, பாசனமும் படகுப் போக்குவரத்தும் ஒரே கால்வாயில் கிடைக்கும்போது இரும்பில் பணத்தைக் கொட்டுவானேன் என்று அவர் வாதிட்டார். 1876-78 பெரும் பஞ்சத்திற்குப் பின் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலும் அவர் பக்கம் நின்று எழுதினார்.

தமிழில் இதைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் காட்டனை நாயகனாக நிறுத்திக் கதையை முடித்துவிடுவார்கள். ஆனால் கதையில் இன்னொரு திருப்பம் உண்டு. காட்டனின் கருத்தை ஒட்டி, ‘மதராஸ் இரிகேஷன் அண்ட் கெனால் கம்பெனி’ 1858இல் தொடங்கப்பட்டது. துங்கபத்திரையிலிருந்து கர்நூல்-கடப்பைக் கால்வாய் வெட்டுவது அதன் வேலை. பத்து இலட்சம் பவுண்டு முதலுக்கு அதே ஐந்து விழுக்காடு உத்தரவாதம். செலவு மதிப்பீட்டைத் தாண்டியது. எதிர்பார்த்த அளவுக்கு உழவர்கள் நீர் வாங்கவில்லை. அரசு மேலும் கடன் கொடுத்தது. இறுதியில் 1882இல் அரசே அந்தக் கால்வாயை வாங்கிக்கொண்டது.

காவிரியிலும் கோதாவரியிலும் அரசு நேரே செலவிட்ட அணைகள் போட்ட பணத்தை வருவாயாகத் திருப்பித் தந்தன. உத்தரவாதம் பெற்ற கால்வாயோ மூழ்கியது. இருப்புப்பாதையிலும் இதே பாடம்தான். 1869க்குப் பின் அரசு தானே பாதைகளைப் போடவும், பழைய கம்பெனிகளை ஒவ்வொன்றாக வாங்கவும் தொடங்கியது. அரசுடைமையான பின் நடைமுறைச் செலவு குறைந்தது என்று அண்மைக்கால ஆய்வாளர்கள் டான் போகார்ட்டும் லத்திகா சவுத்ரியும் காட்டியிருக்கிறார்கள். ஆகவே நீரா, இரும்பா என்பது உண்மையான பிரிவு அன்று. இழப்பைத் தாங்குபவனும் முடிவை எடுப்பவனும் ஒருவனா, வேறுவேறு ஆட்களா என்பதே பிரிவு.

உத்தியோகம்

கல்லூரிகளில் இப்போது வேலைவாய்ப்பு வழிகாட்டிக் கூட்டங்கள் நடக்கின்றன. உள்கட்டமைப்புத் துறைதான் இனி ஐம்பதாண்டுகளுக்கு வேலை தரும் என்று அங்கே சொல்லப்படுகிறது; மாணவர்கள் குறிப்பெடுக்கிறார்கள். அதில் பிழையில்லை. இருப்புப்பாதையும் இந்தியாவில் இலட்சக்கணக்கான வேலைகளைத் தந்தது. எந்த வேலை யாருக்கு என்பதையும் கூடவே பார்க்கவேண்டும்.

முதலில் மண்வேலை. பம்பாயிலிருந்து தக்காணத்திற்கு ஏறும் போர்காட் மலைப்பாதை 1856 முதல் 1863 வரை கட்டப்பட்டது. பதினைந்து மைலில் இருபத்தைந்து சுரங்கங்கள். 1861இல் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரே நேரத்தில் அங்கே வேலை செய்தார்கள் என்று இத்துறையின் வரலாற்றாசிரியர் இயன் கெர் எழுதுகிறார். காலராவிலும் காய்ச்சலிலும் வெடிவிபத்திலும் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். ஒப்பந்தக்காரர் சாலமன் டிரெட்வெல்லும் 1859இல் இந்தியா வந்த சில வாரங்களில் இறந்தார். அவர் மனைவி ஆலிஸ் ஒப்பந்தத்தை ஏற்று நடத்தினார். அவ்விருவர் பெயரும் வரலாற்றில் இருக்கின்றன. மண் சுமந்தவர்களில் ஒருவர் பெயரும் நமக்கு வந்து சேரவில்லை.

அடுத்து உயர் பதவிகள். இந்தியப் பொதுப்பணித் துறைக்குப் பொறியாளர்களை உருவாக்க 1871இல் இங்கிலாந்தில் கூப்பர்ஸ் ஹில் கல்லூரி திறக்கப்பட்டது. ரூர்க்கியும் கிண்டியும் இங்கேயே இருந்தன. ஆயினும் மேல்பதவிக்கு வழி தேம்ஸ் நதிக்கரையிலிருந்துதான் தொடங்கியது. 1921இல் அறிக்கை அளித்த ஆக்வொர்த் குழு இதற்குக் கூறிய உவமையை எளிதில் மறக்கமுடியாது. ரயில்வேயில் ஏறத்தாழ ஏழு இலட்சம் இந்தியர், ஏழாயிரம் ஐரோப்பியர். அந்த ஏழாயிரம் பேர் ஒரு குவளை நீரின்மேல் எண்ணெய்ப் படலம் போல மிதந்தார்கள், கலக்கவில்லை என்று அறிக்கை குறிப்பிட்டது. மிக உயர்ந்த பதவிகளில் ஓர் இந்தியரும் இல்லை. அக்குழுவின் உறுப்பினர்களுள் ஒருவர் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார் என்பதை இங்கே நினைவுகூரலாம்.

எஞ்சின் செய்யும் திறமை இந்நாட்டில் இல்லாமலில்லை. அஜ்மீர்ப் பட்டறை 1895இலும் ஜமால்பூர்ப் பட்டறை 1899இலும் முழு எஞ்சினைச் செய்து காட்டின. எனினும் எஞ்சின்கள் பிரிட்டனிலிருந்தே வந்துகொண்டிருந்தன. சித்தரஞ்சன் ஆலையிலிருந்து முதல் எஞ்சின் வெளிவந்தது 1950இல். இடைப்பட்ட அரைநூற்றாண்டில் இந்தியத் தொழிலாளியிடம் ஒரு தொழிலின் கைத்திறன் சேர்ந்தது. அதன் வடிவமைப்பு அறிவு அவனுக்குத் தரப்படவில்லை. பணியில் சேரும் ஒருவன் சம்பளத்தோடு வேறு எதைக் கற்றுக்கொண்டு வெளியேறுகிறான் என்பதும் முதலீட்டுக் கணக்கில் சேரவேண்டிய ஒன்றே.

மலாயாவின் கதை சற்று வேறானது. தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு 1885இல் போடப்பட்டது அங்கே முதல் பாதை. அப்பாதைகளுக்கான பணம் பெரிதும் ஈயத் தீர்வையிலிருந்து, அதாவது உள்நாட்டு வருவாயிலிருந்தே வந்தது. இலங்கையில் பணியாற்றிய ஸ்பூனர் 1901இல் மலாய்க் கூட்டரசு ரயில்வேயின் பொது மேலாளரான பின், யாழ்ப்பாணத்து ஆங்கிலக் கல்வி பெற்ற இளைஞர்கள் பெருமளவில் நிலைய அதிபர்களாகவும் எழுத்தர்களாகவும் சேர்ந்தார்கள். ‘மலாயன் பென்சனியர்’ என்பது யாழ்ப்பாணச் சமூக வாழ்வில் ஒரு தகுதிப் பெயராகவே ஆனது. கல்வீடும் பள்ளிக்கூடமும் சீதனமும் அந்தப் பணத்தில் எழுந்தன. அதே மலாயாவில் தண்டவாளம் பதித்தவனும் தமிழன்தான். ஆனால் அவன் கங்காணியின் வழியே தமிழ்நாட்டிலிருந்து சென்றவன். அவனுக்குப் பென்சன் இல்லை. 1942-43இல் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் பாதை போட்டபோது மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துச் செல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் இவனுடைய மக்களே. அப்பாதையில் மாண்ட ஆசியத் தொழிலாளர் தொகை சுமார் தொண்ணூறாயிரம் என்று மதிப்பிடப்படுகிறது. ஒரே மொழி, ஒரே துறை, இரு வேறு ஊழ்.

நம் ஊரிலும் பட்டறைத் தொழிலாளி பேசாமல் இருந்துவிடவில்லை. நாகப்பட்டினம் பட்டறையைத் திருச்சி பொன்மலைக்கு மாற்றியதை ஒட்டி ஆட்குறைப்பும் தொழில்தேர்வும் வந்தபோது, 1928 ஜூலையில் தென்னிந்திய ரயில்வேத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் சிறை சென்றனர். கம்பெனியின் பங்குக்கு உத்தரவாதம் இருந்தது. தொழிலாளியின் வேலைக்கு அது இல்லை.

தூத்துக்குடி

தென்னிந்திய ரயில்வே 1876இல் மதுரையிலிருந்து தூத்துக்குடியை அடைந்தது. தண்டவாளம் முடிகின்ற இடத்தில் கொழும்புக் கப்பல் காத்திருக்கும். தனுஷ்கோடி வழி 1914இல் திறக்கும்வரை தமிழகத்திலிருந்து இலங்கைக்குச் சென்றவர்களின் முக்கிய வாயில் இதுதான். நிலத்தில் உத்தரவாதக் கம்பெனி. கடலில் ‘பிரிட்டிஷ் இந்தியா’ கப்பல் கம்பெனி.

முப்பது ஆண்டுகள் கழித்து, அதே தண்டவாளத்தின் முனையில், 1906 அக்டோபரில் ஒரு புதிய கம்பெனி பதிவானது. சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. முதல் பத்து இலட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு இருபத்தைந்து ரூபாயாக நாற்பதாயிரம் பங்குகள். இந்தியரும் இலங்கையரும் பிற ஆசியரும் மட்டுமே பங்கு வாங்கலாம். தலைவர் பாண்டித்துரைத் தேவர். மதுரையில் 1901இல் தமிழ்ச் சங்கம் கண்டவர். உயிர்நாடி வ. உ. சிதம்பரம் பிள்ளை.

வ.உ.சி.யைத் தியாகியாகவே நாம் படித்திருக்கிறோம். அவரை ஒரு பங்கு வெளியீட்டாளராகப் பார்ப்பதும் பயனுள்ளது. அவர் எதை விற்றார்? ஐந்து விழுக்காடு உறுதி என்று அவரால் சொல்லமுடியாது. இழப்பை ஈடுகட்ட அவருக்கு நிலவரி இல்லை. நட்டமானால் முதல் திரும்ப வரும் என்ற விதி இல்லை. பங்கு வாங்கியவன் அந்தக் கப்பலில் சரக்கு ஏற்றவேண்டும், பயணம் செய்யவேண்டும். அப்போதுதான் பங்குக்குப் பயன். உத்தரமேரூர் ஏரியைப் போல, போட்டவனும் பயன்படுத்துபவனும் மீண்டும் ஒருவனாகிறான். வணிகர்களிடமும் வழக்குரைஞர்களிடமும் அவர் திரட்டிய அந்தப் பணத்தில் 1907இல் காலியா, லாவோ என்ற இரு கப்பல்கள் தூத்துக்குடிக்கு வந்தன.

எதிர்த்தரப்பு கட்டணத்தைக் குறைத்தது. குறைத்துக்கொண்டே போய், இலவசப் பயணத்தோடு குடையும் கொடுத்தது என்பது இன்றும் வழங்கும் செய்தி. அதனால் அப்படி முடிந்ததற்குக் காரணம் பேரரசின் பெருவணிகப் பலம். அரசின் தபால் ஒப்பந்தங்கள் பெற்ற கம்பெனி, ஒரு துறைமுகத்து நட்டத்தை வேறு நூறு துறைமுகங்களின் இலாபத்தில் கரைத்துவிடலாம். ரயில்வே அதிகாரிகளும் துறைமுக அதிகாரிகளும் நடுநிலையில் இல்லை என்பதை ஆ. இரா. வேங்கடாசலபதி 2023இல் வெளியிட்ட விரிவான நூலைப் படித்தவர்கள் அறிவார்கள். 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார். ஜூலையில் நாற்பதாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் மேல்முறையீட்டில் அது குறைந்தது. அவர் சிறையிலிருந்தபோதே, 1911இல், கம்பெனி கலைக்கப்பட்டது. 1912 இறுதியில் விடுதலையாகி வந்தபோது அவருக்குக் கப்பலும் இல்லை, வழக்காடும் உரிமையும் இல்லை.

சுதேசிக் கம்பெனி தோற்றதற்கு நிர்வாகக் குறைகளும் உட்பூசலும் காரணங்கள்தாம். அவற்றை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இருப்புப்பாதைக் கம்பெனிகளுக்கும் அத்தனை குறைகளும் இருந்தன. அவை மூழ்கவில்லை. உத்தரவாதம் பெற்றவனின் பிழையை வரி கட்டுபவன் சுமந்தான். உத்தரவாதம் பெறாதவனின் பிழையை அவனே சுமந்தான். இருபத்தைந்து ரூபாய் போட்ட சிறுவணிகன் இழந்த பணம் எந்த அரசின் கணக்கிலும் ஏறவில்லை.

பின்கதை

தென்னிந்திய ரயில்வேயை 1944 ஏப்ரலில் அரசு எடுத்துக்கொண்டது. 1951 ஏப்ரல் 14 அன்று தெற்கு ரயில்வே உருவானது. உத்தரவாதம் என்ற உத்தி மட்டும் மறையவில்லை. மகாராஷ்டிரத்தின் தாபோல் மின்நிலையத்திற்காக 1990களில் என்ரானோடு போட்ட ஒப்பந்தத்தில் மின்சாரத்தின் விலை டாலரோடு கட்டப்பட்டிருந்தது. மைய அரசின் எதிர் உத்தரவாதமும் இருந்தது. மின்வாரியத்தால் கட்டணத்தைக் கொடுக்க முடியாமல் 2001இல் நிலையம் நின்றது. வெள்ளி ரூபாயின் சரிவைப் படித்தவர்களுக்கு இது அறிமுகமான கதை. அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை இலங்கை 2017இல் சீனக் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டது. ஆண்டுக்கணக்கு அதே தொண்ணூற்றொன்பது. இந்திய நெடுஞ்சாலைகளில் 2016 முதல் வழங்கும் கலப்பு முறையில் கட்டும் காலத்தில் அரசு நாற்பது விழுக்காட்டைத் தருகிறது. மீதி அறுபதை ஆண்டுத் தவணைகளாகத் தருகிறது. சுங்க வருமானம் குறைந்தால் அது சாலை போட்டவரின் கவலையன்று. ஒவ்வொன்றுக்கும் அதனதன் நியாயம் இருக்கலாம். அரசின் துணையின்றி எந்த நாட்டிலும் பெரும் பாதைகள் எழுந்ததில்லை என்பதும் உண்மையே.

நண்பர்கள் ஓய்வூதியப் பணத்தை உள்கட்டமைப்புப் பத்திரத்தில் போடலாமா என்று கேட்கிறார்கள். மாணவர்கள் இத்துறையில் சேரலாமா என்று கேட்கிறார்கள். இலக்கிய ஆசிரியனுக்குப் பங்குச் சந்தை தெரியாது. ஆனால் 1849ஆம் ஆண்டு ஒப்பந்தத்தைப் படித்தவன் மூன்று கேள்விகளைக் கேட்கக் கற்றிருப்பான். வருமானம் குறைந்தால் குறைவை எவருடைய வரியிலிருந்து எடுப்பார்கள்? மேற்பதவியும் வடிவமைப்பு அறிவும் எவரிடம் தங்கும்? ஒப்பந்தம் முடியும் நாளில் பாதை எவருடையதாக, எந்த விலைக்கு மாறும்? இவற்றுக்கான விடை விளம்பரத்தில் இராது. ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில், சிறிய எழுத்தில் இருக்கும். லண்டனின் பாதிரியாரும் கைம்பெண்ணும் அந்தப் பக்கங்களின் பாதுகாப்பை நம்பிப் பணம் போட்டார்கள். வாலாஜா ரோட்டில் வண்டியேறிய உழவனுக்கு அந்தப் பக்கங்களை எவரும் படித்துக் காட்டவில்லை.